மூச்சில் தங்குவது

மூச்சைக் கவனி என்பார்கள். உள்ளே போகிறது, வெளியே வருகிறது. ஆனால் போனதெல்லாம் திரும்பி வருவதில்லை. இழுத்த ஆக்சிஜனில் பெரும்பகுதி செல்லுக்குள் ஹைட்ரஜனோடு சேர்ந்து தண்ணீராகிவிடுகிறது. சிறு பங்கு ஒன்று மட்டும் அணுவாகவே உடம்பின் மூலக்கூறுகளில் ஏறிக்கொள்கிறது. அதை ஏற்றிவைப்பவை ஆக்சிஜனேஸ் என்னும் நொதிகள். கொஞ்ச நாளாக என் மனம் இந்தச் சிறு பங்கைத்தான் சுற்றி வருகிறது.

*

காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். மரம், துணி, நம் தோல் எல்லாமே எரியக்கூடியவை. இருந்தும் தீ வைக்காதவரை ஒன்றும் ஆவதில்லை. காரணம் ஆக்சிஜனுக்குள்ளேயே இருக்கிறது. அதன் இரண்டு எலக்ட்ரான்கள் ஜோடி சேராமல், ஒரே திசைத் தற்சுழற்சியோடு நிற்கின்றன. (திரவ ஆக்சிஜனை வலுவான காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே ஊற்றினால் அது அங்கேயே ஒட்டி நிற்பதும் இதனால்தான்.) உயிர்ப்பொருள்களில் எலக்ட்ரான்கள் பெரும்பாலும் ஜோடி ஜோடியாகவே இருக்கும். அதனால் ஆக்சிஜன் எவ்வளவு நெருங்கி வந்தாலும் எளிதில் கைகோப்பதில்லை. இந்தத் தயக்கத்தின் தயவில்தான் நாம் சாம்பலாகாமல் நடமாடுகிறோம்.

அந்தத் தயக்கத்தை ஒரே ஓர் இடத்தில், ஒரே ஒரு கணம் மட்டும் கலைக்க வேண்டும். பல நொதிகள் அதற்கென்றே நடுவில் ஓர் இரும்பு அணுவையோ செம்பு அணுவையோ பிடித்து வைத்திருக்கின்றன.

*

உயிர்களில் ஆக்சிஜனேற்றம் என்பது ஹைட்ரஜனைக் கழற்றுவதுதான் என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஹைன்ரிஷ் வீலாண்ட் வகுத்த கொள்கை அது. பொருளில் புதிதாக ஆக்சிஜன் தென்பட்டால், அது தண்ணீரிலிருந்து வந்தது என்று விளக்கம் சொன்னார்கள்.

1955இல் ஒசாமு ஹயாய்ஷி கேட்டது எளிய கேள்வி: இந்த அணு எங்கிருந்து வந்தது? பாக்டீரியா நொதி ஒன்று கேட்டகால் என்ற பொருளை உடைத்து மியூகானிக் அமிலமாக்கும். அந்த வினையைச் சாதாரண ஆக்சிஜனுக்குப் பதில் நிறை 18 உள்ள கனமான ஆக்சிஜனில் நடக்கவிட்டார். விளைபொருளில் சேர்ந்த இரண்டு அணுக்களும் கனமானவை. கனமான ஆக்சிஜனைத் தண்ணீரில் வைத்துச் செய்தபோது அது விளைபொருளில் ஏறவில்லை. அதே ஆண்டில் ஹோவர்ட் மேசனும் வேறொரு நொதியில், தனியாக, இதே முடிவுக்கு வந்தார். ஒரு கொள்கையையே அசைத்த சோதனை இவ்வளவு சுருக்கமாக இருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

*

எலும்பிலும் தோலிலும் பல்லிலும் இருக்கும் கொலாஜன், மூன்று புரி முறுக்கிய கயிறு. ஒவ்வொரு புரியிலும் சுமார் 1000 அமினோ அமிலங்கள். செல் முதலில் இந்த அமிலங்களைப் புரியாகக் கோக்கிறது. பிறகு ஒரு நொதி வந்து, புரியிலுள்ள புரோலின் என்ற அமினோ அமிலங்களில் சுமார் 100இன் மேல் ஆளுக்கு ஓர் ஆக்சிஜன் அணுவை வைக்கிறது.

எப்படி வைக்கிறது? அந்த நொதியின் நடுவே ஓர் இரும்பு அணு. இரண்டு ஹிஸ்டிடின்களும் ஓர் அஸ்பார்ட்டேட்டும் அதைப் பிடித்திருக்கின்றன. ஆக்சிஜன் அந்த இரும்பில் வந்து உட்கார்ந்ததும் அதன் இரண்டு அணுக்களும் பிரிகின்றன. ஓர் அணு அருகிலிருக்கும் துணைப்பொருளுக்குப் போய், அதைச் சக்சினேட்டாக மாற்றுகிறது. மற்றது இரும்போடு சேர்ந்து மூர்க்கமாகிறது. புரோலினின் நான்காவது கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கி, அடுத்த கணமே அந்தக் காலி இடத்தில் தானும் அந்த ஹைட்ரஜனுமாக அமர்கிறது. பக்கத்துக் கார்பனைத் தொடுவதில்லை. இவ்வளவு மூர்க்கமான ஒன்று இவ்வளவு கட்டுக்குள் நடப்பதுதான் எனக்கு வியப்பு.

சில நேரம் புரோலின் வந்து சேருமுன்பே ஆக்சிஜன் பிளந்துவிடும். அப்போது இரும்பு வேலைக்கு உதவாத நிலையில் மாட்டிக்கொள்ளும். அதை மீட்டுக் கொடுப்பது வைட்டமின் சி.

*

அந்த அணுக்கள் ஏறாத கொலாஜன் சுமார் 24 டிகிரி செல்சியஸிலேயே பிரிந்துவிடும். நம் உடம்போ 37 டிகிரி. வைட்டமின் சி இல்லாமல் வரும் ஸ்கர்வி நோய் என்பது இதுதான்: ஈறு இளகுகிறது, இரத்தக்குழாய் கசிகிறது. 1740இல் புறப்பட்ட பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஆன்சனின் கப்பல் பயணத்தில் ஒரு மாலுமி. 1690இல் அயர்லாந்தின் பாய்ன் போரில் பட்டு, ஐம்பது ஆண்டுகளாக ஆறிக்கிடந்த அவர் காயங்கள் திரும்பவும் திறந்துகொண்டன. தழும்பு என்று நாம் முடிந்த கதையாக நினைப்பதை, உடம்பு ஓயாமல் புதுப்பித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

*

இதே வினையை உடம்பு ஆக்சிஜனை அளக்கும் அளவுகோலாகவும் வைத்திருக்கிறது. எச்.ஐ.எஃப் என்ற புரதத்தில் ஆக்சிஜன் அணு ஏறினால், சில நிமிடங்களில் அது அழிக்கப்படும். ஆக்சிஜன் குறைந்தால் ஏற்றுவதற்கு அணு போதாது. புரதம் பிழைத்து, சிவப்பணுக்களைப் பெருக்கச் சொல்கிறது. இதைக் கண்டுபிடித்த கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது.

*

எச்.ஐ.எஃபில் ஏறிய அணுவுக்கு ஆயுள் நிமிடங்கள். பல்லின் உள்ளடுக்கான டென்டினில் ஏறியதற்கு ஏறக்குறைய ஓர் ஆயுட்காலம். அங்கே உருவான கொலாஜன் மாற்றப்படுவதில்லை. பால்பற்கள் கருவிலேயே உருவாகத் தொடங்குகின்றன. அப்போது குழந்தைக்குச் சொந்த மூச்சு கிடையாது. நஞ்சுக்கொடி வழியே வருவது தாய் இழுத்த ஆக்சிஜன். ஆக, ஆறு வயதில் விழும் முன்பல்லின் டென்டினில், பிறப்புக்கு முன் உருவான பகுதியிலுள்ள அந்த ஆக்சிஜன் அணுக்கள் அம்மாவின் மூச்சிலிருந்து வந்தவை. அதே வயதையொட்டி முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லின் டென்டின், பிறப்பையொட்டித்தான் உருவாகத் தொடங்குகிறது. அதில் இருப்பவை பெரும்பாலும் குழந்தை தானே இழுத்தவை.