பொறுத்துப் போ என்பது தீர்ப்பாகுமா?

ஸுபுஹுத் தொழுகைக்காகப் பெருமானார் (ஸல்) அவர்கள் வெளியே வருகிறார்கள். இருள் இன்னும் விலகவில்லை. வாசலில் ஒரு பெண்மணி நிற்கிறார். யாரென விசாரிக்க, ஹபீபா பின்த் ஸஹ்ல் (ரலி) எனத் தெரிகிறது. கணவர் ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களோடு இனி வாழ இயலாது என்கிறார். கணவர் அடித்ததில் உறுப்பு முறிந்தது என்று அபூதாவூதில் வரும் அறிவிப்பு கூறுகிறது.

அண்ணலார் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. கணவரை அழைத்துப் பேசினார்கள். மஹராகப் பெற்றதைத் திருப்பிக் கொடுத்து அப்பெண்மணி விடுதலை பெற்றார். தம் குடும்பத்தாரிடம் சேர்ந்தார்.

நம் வாசலுக்கு அப்படி ஒரு பெண் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? சில ஆண்டுகளுக்கு முன் செஞ்சியில் ஒரு சகோதரி தம் தாயாருடன் என்னிடம் வந்தார். முக்காட்டுக்குள் கன்னம் வீங்கியிருந்தது. "ஸப்று செய்யுங்கம்மா, அல்லாஹ் கூலி தருவான்" என்று சொல்லி அனுப்பினேன். மார்க்கத்தைச் சொல்லிவிட்டதாகவே எண்ணினேன். மீண்டும் அடிபட்டு அவர் மருத்துவமனையில் கிடப்பதாகக் கேள்விப்பட்ட இரவில், கிதாபை விரிக்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஸப்று உயர்ந்த குணம்தான். நோயிலும் மரணத்திலும் வறுமையிலும் பொறுப்பது அடியானின் கடமை. அநியாயமும் அல்லாஹ் அறியாமல் நடப்பதில்லை. ஆனால் அதைத் தடுக்குமாறு அவனே நம்மை ஏவியிருக்கிறான். அநியாயக்காரனின் கையைப் பிடித்துத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்பது நபிமொழியின் கருத்து. தடுக்கும் சக்தி உள்ளவன் தடுக்காமல், அடிபட்டவளுக்கு ஸப்றைப் போதிப்பது தன் கடமையை அவள் தலையில் ஏற்றுவதாகும்.

"குடும்பக் குறையை மறைக்க வேண்டாமா?" என்பார்கள். தீயதைப் பகிரங்கமாகப் பேசுவதை வெறுக்கும் திருமறை (4:148), அநீதி இழைக்கப்பட்டவருக்கு அதில் விலக்களிக்கிறது. 4:34ஆம் வசனத்தைக் காட்டுவோரும் உண்டு. அவ்வசனம் எவருக்கு இறங்கியதோ அந்த நபி (ஸல்) அவர்கள் எந்தப் பெண்ணையும் கைநீட்டி அடித்ததே இல்லை என அன்னை ஆயிஷா (ரலி) அறிவிப்பது முஸ்லிம் கிரந்தத்தில் உள்ளது. இதைவிட வேறு விளக்கவுரை வேண்டுமா?

மணமான பெண்களைத் திருமறை (4:24) 'முஹ்ஸனாத்' என்கிறது. கோட்டை எனப் பொருள்படும் 'ஹிஸ்ன்' என்பதோடு ஒரே வேரில் பிறந்த சொல் அது. ராஜகிரியின் நிழலில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மதில் எழுப்பப்பட்டது உள்ளே இருப்போரைக் காக்கவே. காவலனே வாளை ஓங்கினால் அதே மதில் சிறைச்சுவராகிவிடும்.

பிணக்கு முற்றினால் இரு குடும்பத்திலிருந்தும் நடுவர் வேண்டும் என்கிறது 4:35. நம் ஜமாஅத்துகள் பலவற்றில் பெண்ணின் குரலையே கேட்பதில்லை. புதுக்கோட்டையில் சகோதரி ஷரீஃபா கானம் பெண்களுக்கென ஜமாஅத் அமைத்தபோது பலர் கோபப்பட்டனர். அவருடைய எல்லாக் கருத்துகளையும் ஏற்காதவரும், அந்த நிலைமையை உருவாக்கியது யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

சகோதரிகள் தம் உரிமைகளை அறிந்திருக்கட்டும். 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டப்படி, கணவரின் கொடுமையைக் காரணம் காட்டி நீதிமன்றத்தில் மணவிலக்குக் கோரலாம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லா மதத்துப் பெண்களுக்கும் உரியது. பாதுகாப்பு உத்தரவு, குடியிருந்த வீட்டிலேயே தங்கும் உரிமை, பணஉதவி ஆகியவற்றை அதன்கீழ் கேட்கலாம். நமக்கு விழுப்புரம் மாவட்ட சமூகநல அலுவலகத்தை அணுகலாம். 181 என்ற எண் இரவும் பகலும் இயங்குகிறது. 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சிகிச்சைக்கும் சட்டத்துக்கும் உதவியும் தற்காலிகத் தங்குமிடமும் உண்டு. வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரை அமர்த்தித் தரும். இவற்றை நாடுவது மார்க்கத்துக்கு விரோதமல்ல. ஹபீபா (ரலி) அவர்களும் அதிகாரமுடையவரின் வாசலுக்கே சென்றார்கள்.

ஜமாஅத் பெரியோர்களே! ஒவ்வொரு மஹல்லாவிலும் முறையீடு கேட்க விவரமறிந்த இரு பெண்மணிகளையேனும் நியமியுங்கள். பெற்றோர்களே! மகள் திரும்பி வந்தால் கதவைத் திறந்து வையுங்கள். ஆலிம்களே! ஸப்று என்று சொல்லுமுன் அடிப்பவனை அழைத்துக் கேளுங்கள். இதை நான் முதலில் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

வல்ல நாயன் நம் இல்லங்களை அன்பும் அருளும் நிறைந்தவையாக ஆக்குவானாக! ஆமீன்.