சில்வண்டு அடங்கிய பிறகு

கண்டிக்கு மேலேயுள்ள ஹந்தானையில் பொழுது சாயும் நேரத்தில் தேயிலைச் சரிவுக்கு மேலேயுள்ள காட்டில் சில்வண்டுகள் கூட்டமாகக் கத்தத் தொடங்கும். இருட்டு விழுந்ததும் வந்த வேகத்திலேயே அடங்கியும் விடும். காது இரைச்சலோடு வாழும் ஒருவருக்கு அந்த வேளைதான் சோதனை. எல்லா வண்டும் ஓய்ந்த பிறகும் ஒரு வண்டு மட்டும் கத்திக்கொண்டேயிருக்கும். அது காட்டிலும் இல்லை, கூரையிலும் இல்லை. "உங்களுக்கும் கேட்குதா?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுப் பயனில்லை.

அப்போது அவர் எழுந்துபோய் ஒரு பாட்டுப் போடுகிறார். வெளியாருக்கு அது பொழுதுபோக்கு. அவருக்கோ அதற்குள் ஒரு பழைய கேள்வி இருக்கிறது. வெளியே இல்லாமல் ஒருவருக்கு மட்டும் கேட்பது ஒலியா? ஒலியென்றால் அது யாருடையது?

மருத்துவம் தன் பங்குக்குத் தெளிவாகப் பேசுகிறது. உட்காதில் நத்தைக் கூடுபோலச் சுருண்டிருக்கும் உறுப்பில் சுமார் 15,000 மயிர்க்கலங்கள் உண்டு. பெருஞ்சத்தத்தாலோ வயதாலோ மருந்தாலோ அவை செத்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. அங்கிருந்து வரவேண்டிய செய்தி குறைந்ததும் மூளை தன் கேட்கும் திறனைத் தானே கூட்டிக்கொள்கிறது. அப்படிக் கூட்டியதில் எழும் சத்தமே இரைச்சல் என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். 2022இல் வெளியான ஒரு பெரும் தொகுப்பாய்வின்படி, வளர்ந்தவர்களில் ஏறக்குறைய 14 வீதத்தினருக்கு, அதாவது உலகெங்கும் 74 கோடிக்கு மேற்பட்டோருக்கு இது உண்டு. பெருஞ்சத்தத்தைத் தேடித் தூரம் போகவேண்டாம். ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை இன்று அருங்காட்சியகம். அதன் ரோலர்கள் இப்போது ஊமையாக நிற்கின்றன. அவை ஓடிய காலத்தில் அருகே நாள்முழுக்க நின்ற மனிதரின் காதுகளை யார் அளந்து பார்த்தார்கள்?

இன்னொரு சோதனையும் நினைவில் வைக்கத்தக்கது. 1953இல் மொரிஸ் ஹெல்லர், மோ பெர்க்மன் என்ற இருவர் நல்ல செவியுள்ள 80 பேரை ஒருவர்பின் ஒருவராக ஒலிபுகா அறைக்குள் இருத்தினார்கள். சில நிமிடங்களிலேயே அவர்களில் 94 வீதத்தினர் ஏதோ ஒரு சத்தம் கேட்பதாகச் சொன்னார்கள். இரைச்சல்காரர் இழந்துவிட்டதாக ஏங்கும் அந்தப் பூரண அமைதி, பெரும்பாலோருக்கு ஒருநாளும் இருந்ததில்லை போலும்.

இதையெல்லாம் நம் முன்னோர் வேறு வழியில் அறிந்திருந்தார்கள். காதுக்குள் வாயு தங்கினால் பேரிகை, மிருதங்கம், சங்கு போன்ற ஓசைகள் கேட்கும் என்றும், அது கர்ணநாதம் என்ற நோய் என்றும் மாதவ நிதானம் என்ற வைத்திய நூல் சொல்கிறது. திருமூலரின் திருமந்திரமோ, யோகத்தில் உள்ளே எழும் நாதங்கள் பத்து என்று எண்ணுகிறது. மணி, கடல், யானை, குழல், மேகம், வண்டு, தும்பி, சங்கு, பேரிகை, யாழ். இரண்டு பட்டியலிலும் சங்கு உண்டு, பேரிகை உண்டு. ஒன்று அவற்றை நோயென்று கண்டு காரணம் தேடுகிறது. மற்றது அவற்றின் வழியே சிவத்தைத் தேடுகிறது.

இந்த இடத்தில்தான் பலர் வழுக்கிவிடுகிறார்கள். இரைச்சலோடு வரும் ஒருவரிடம், "உங்களுக்கு அனாகத நாதம் கேட்கத் தொடங்கிவிட்டது, பாக்கியம்!" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். "போன பிறவி வினை" என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே கொடுமை. யோகி பல ஆண்டு மூச்சடக்கி, தானே தேடிப்போய் அந்த ஓசைகளைக் கேட்கிறான். அவை ஒன்றிலொன்று நுணுகி, கடைசியில் ஓசையே ஒடுங்குவதுதான் அவன் பயணத்தின் முடிவு. இரைச்சல்காரர் யாரையும் தேடிப் போகவில்லை. அவருடைய வண்டு நுணுகுவதும் இல்லை, ஒடுங்குவதும் இல்லை. ஆணி அடித்தாற்போல ஒரே சுருதியில் நிற்கிறது. நோயை அருளென்று புகழ்ந்தால் அவர் தூக்கமில்லாமல் கழித்த இரவுகளை மதியாமல் போகிறோம். வினையென்று பழித்தால் நோவோடு குற்றத்தையும் சேர்த்து அவர் தலையில் கட்டுகிறோம்.

இரண்டிலும் சேராத ஒரு வழி பக்கத்திலேயே இருக்கிறது. கண்டி வாவிக்கு இந்தப் பக்கம் ஹந்தானை. அந்தப் பக்கம், தலதா மாளிகைக்குப் பின்னால், உடவத்தகலைக் காடு. அந்தக் காட்டுக் குடிலில் பல பத்தாண்டுகள் வாழ்ந்தவர் ஞானபோனிக தேரர். ஜேர்மனியில் 1901இல் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1936இல் இலங்கைக்கு வந்து துறவியானவர். 1958இல் கண்டியில் பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவர். பாளி பௌத்த நூலான சங்யுத்த நிகாயத்தில் வேதனை, அதாவது நுகர்ச்சி, பற்றிய பகுதியை அவர் ஆங்கிலத்தில் தர, 1983இல் அதை அந்தச் சங்கம் வெளியிட்டது. அதில் அம்பு பற்றிய சூத்திரம் ஒன்று உண்டு. ஒருவன்மேல் ஓர் அம்பு பாய்கிறது, உடலில் வலி. அந்த வலியை நினைத்து அவன் மாரடித்துப் புலம்பும்போது இரண்டாவது அம்பு பாய்கிறது. பயின்றவனுக்கும் முதல் அம்பு உண்டு, இரண்டாவது இல்லை. இவ்வளவுதான் உவமை.

காது இரைச்சலுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றைக் கண்டுபிடிப்பது கடினம். ஒரே அளவு இரைச்சல் உள்ள இருவரில் ஒருவர் வேலைக்குப் போய் வருகிறார், மற்றவர் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். வேறுபாட்டைச் சத்தத்தின் அளவு மட்டும் விளக்குவதில்லை என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்ததே. 'இது நிற்கவே நிற்காதா?' என்ற இரவு இரண்டு மணிக் கேள்விதான் இரண்டாவது அம்பு. 1990இல் பாவெல் யஸ்ட்ரெபொஃப் வகுத்த மாதிரியும் இந்த வழியிலேயே போகிறது. மூளை இரைச்சலை ஆபத்து என்று எடுத்துக்கொள்வதை நிறுத்தினால், இரைச்சல் இருந்தபடியே இருக்க, தொல்லை குறையும். அதற்காக அவர் வகுத்த பயிற்சியில் ஒரு நுணுக்கம் உண்டு. பக்கத்தில் மெல்லிய ஒலி ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும்; ஆனால் இரைச்சல் முழுக்க மூழ்கும் அளவுக்கு அதைக் கூட்டக்கூடாது. கேட்டால்தானே பழக முடியும்?

வீட்டில் பாட்டுக் கேட்பவர் இதைத் தானாகவே கண்டுகொள்கிறார். முதல் சில மாதங்கள் இரைச்சலை அமுக்குவதற்காக ஒலியைக் கூட்டிக் கூட்டி வைப்பார். பாட்டு முடிந்ததும் வண்டு இன்னும் உரக்கக் கத்தும். பிறகு ஒருநாள் ஒலியைக் குறைத்து வைத்து, இரண்டையும் சேர்த்துக் கேட்கத் துணிவார். அங்கே ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. காது இரைச்சல் பெரும்பாலும் 4,000 ஹேர்ட்ஸுக்கு மேலே நிற்பது. பியானோவின் கடைசிக் கட்டையே 4,186 ஹேர்ட்ஸ்தான். ஆகவே பாட்டின் ஸ்வரங்கள் ஓடியாடும் தளத்துக்கு மேலே, எட்டாத உயரத்தில், வண்டு தன் பாட்டில் நிற்கிறது. பாடகியின் சுருதியை அது கெடுப்பதில்லை. கீழே தம்புரா மீட்டினால் அதன் தந்திக்கடியில் இடும் ஜீவா நூல் எழுப்பும் மேலோசைகள் இரைச்சலின் கூர்முனையைக் கொஞ்சம் மழுக்கவும் செய்யும்.

நாதஸ்வர வித்துவான் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம் இருக்கும் பழைய 78 சுற்று இசைத்தட்டைப் போட்டுப் பார்த்தவருக்கு இன்னொன்றும் தெரியும். ஊசி இறங்கியதும் எழும் அந்தக் கரகரப்பு அவருக்குக் குறையே அல்ல. நாதஸ்வரம் மூச்சு வாங்கும் இடைவெளியிலும் அது நின்றுபோகாமல் வண்டுக்குத் துணையிருக்கும். அதே தோடியைக் கணினியில் துப்புரவாக்கிக் கேட்டால் இடைவெளிகள் வெறிச்சென்றிருக்கும். வண்டு அங்கே துருத்திக்கொண்டு நிற்கும்.

கிராமபோனை ஆனந்த குமாரசுவாமி விரும்பவில்லை. கண்டிய நாட்டுக் கைவினையை ஊர் ஊராகப் போய்ப் பதிந்த அந்த அறிஞர், 1909இல் வந்த கட்டுரைத் தொகுப்பில் அதற்கென்றே ஒரு கட்டுரை எழுதி எதிர்த்தார். பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவே இயந்திரம் புகுவது பற்றிய அவருடைய கவலையில் உண்மை உண்டு. ஆனால் ஒலியளவைத் தன் கையில் வைத்துக்கொள்ளும் உரிமை காது நொந்தவருக்கு எவ்வளவு பெரிது என்பதும் உண்மை. அந்த உரிமையை ஊர் மதிப்பதில்லை. நாதமே இறைவன் என்று சொல்லும் கோயில்களிலேயே திருவிழாவுக்கு ஆளுயர ஒலிபெருக்கிகளை அடுக்கிவைத்துக் குழந்தைகளின் காதைப் பதம் பார்க்கிறோம். 2007இல் இலங்கை உயர் நீதிமன்றமே இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிகளைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. பக்தியின் பெயரால் மயிர்க்கலங்களைக் கொல்வதற்கு எந்த ஆகமம் இடம் கொடுக்கிறது? இந்தக் கோபம் நியாயமானது.

அம்பு உவமையைத் தந்த பௌத்தத்துக்கும் இசைக்கும் உள்ள உறவு அவ்வளவு நேரானதல்ல. பௌர்ணமிப் போயா நாளில் வெள்ளையுடுத்திச் சில் (சீலம்) எடுப்பவர்கள் ஆடல் பாடல் வாத்தியம் மூன்றையும் அன்றைக்கு விலக்குகிறார்கள். ஆனால் தீக நிகாயத்தில் பஞ்சசிகன் என்ற கந்தருவன் வீணை வாசித்துப் பாடும்போது, தந்தியொலி பாட்டை மீறவில்லை, பாட்டு தந்தியொலியை மீறவில்லை என்று புத்தர் பாராட்டுகிறார். ஒன்றையொன்று மீறாத இரண்டு ஒலிகள். குறைந்த ஒலியில் பாட்டு வைத்து உட்கார்ந்திருப்பவர் தேடுவதும் ஏறக்குறைய அந்தச் சமனைத்தான்.

தமிழில் ஒரு சொல் இதற்குக் கைகொடுக்கிறது. நரம்பு என்றால் உடலின் நரம்பு. யாழின் தந்தியும் நரம்பு. பழைய இசை இலக்கணத்தில் ஸ்வரத்துக்கும் நரம்பு என்றே பெயர். இந்த மூன்றாவது நரம்புகளைக் கணக்கிட்டு விபுலாநந்த அடிகள் 1947இல் யாழ் நூலைத் தந்தார். அந்த யாழோ எப்போதோ வழக்கொழிந்திருந்தது. கயிலையின் கீழ் நசுங்கிய இலங்கை வேந்தன் இராவணன், தன் உடல் நரம்பையே தந்தியாக்கி சாமகானம் பாடினான் என்பது நாம் சிறுவயதிலிருந்து கேட்ட கதை. அவன் வலியை வலியில்லை என்று சொல்லவில்லை. அதை மீட்டினான்.

இராவணனுக்குப் பக்கத்தில் ஸ்மெத்தனாவை உட்காரவைக்கலாம். 1874இல் செவிடான அந்தச் செக் நாட்டு இசைஞர், 'என் வாழ்விலிருந்து' என்று பெயரிட்ட நால்வர் இசையை 1876இல் எழுதினார். அதன் இறுதிப் பகுதி குதூகலமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நிற்கிறது. கீழே மற்ற வில்கள் நடுங்க, முதல் வயலின் மட்டும் மிக உயரத்தில் ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கிறது. தன் செவிட்டுத்தன்மையை அறிவித்த இரைச்சல் அது என்று அவரே சொல்லியிருக்கிறார். சுமார் 2,640 ஹேர்ட்ஸ்.

ஹந்தானை வீட்டில் அந்தப் பதிவு ஓடுகிறது. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி, கீழே கண்டியின் விளக்குகள். மற்றவர்கள் அந்த ஸ்வரத்தில் திடுக்கிட்டு நிமிர்கிறார்கள். இவர் மட்டும் தலையைச் சற்றே சாய்த்து, நூற்றைம்பது ஆண்டுக்கு முன் இன்னொருவர் காதில் கேட்டதைத் தன் காதில் கேட்பதோடு ஒத்துப் பார்க்கிறார். தன்னுடையது கொஞ்சம் மேலே நிற்கிறது.