கரை சேர்த்தவரே வென்றவர்



பந்தயத் திடலைக் காட்டிப் பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய பகுதியை இன்று வாசகமாகக் கேட்டோம். அவரே இரண்டாம் திருமுகத்தில் தாம் பட்ட பாடுகளைச் சொல்லும்போது, ஓர் இரவும் பகலும் ஆழ்கடலில் தத்தளித்ததையும் சேர்த்துச் சொல்கிறார். திடல், கடல் ஆகிய இரண்டையும் கண்ட ஒரு மனிதர் நம் காலத்துக்குச் சற்று முன்னே வாழ்ந்தார். லயனல் வான் பிராக், 1908இல் சிட்னியில் பிறந்தவர்.

அவருடைய தொழில் ஸ்பீட்வே எனும் மோட்டார் சைக்கிள் பந்தயம். அந்த வண்டிக்கு பிரேக் கிடையாது; கியரும் ஒன்றுதான். நான்கு பேர் மண் பாதையில் நான்கு சுற்று ஓட்டுவார்கள். வளைவு வந்தால் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டே திரும்ப வேண்டும். 1936இல் லண்டன் வெம்பிளியில் நடந்த முதல் உலகப் போட்டியில் இவரும் எரிக் லாங்டனும் சமப் புள்ளி எடுத்தார்கள். இருவர் மட்டும் மறுபடி ஓடியபோது, கடைசி வளைவில் கிடைத்த இடைவெளியில் புகுந்து இவர் சாம்பியன் ஆனார். அந்த ஓட்டத்துக்கு முன் இருவரும் தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள் என்ற கதையும் பின்னாளில் எழுந்தது. ஆகவே, இவரைப் புனிதர் என்று சொல்ல நான் வரவில்லை.

பிறகு போர் வந்தது. 1942, உயிர்ப்பு ஞாயிறன்று கொழும்பின் மீதே குண்டு விழுந்த ஆண்டு. அவ்வாண்டில் ஆஸ்திரேலிய விமானப்படையில் இருந்த வான் பிராக்கின் விமானத்தை ஜப்பானியர் சும்பா நீரிணையில் சுட்டு வீழ்த்தினார்கள். விமானத்தில் இருந்தவர்கள் முப்பது மணி நேரம் கடலில் கிடந்தார்கள். சுற்றிலும் சுறாக்கள். வான் பிராக்கும் விமானி வெப்ஸ்டரும் சுறாக்களை விரட்டிக்கொண்டே, உடனிருந்த இருவரை மூழ்கவிடாமல் தாங்கினார்கள். தனியே நீந்தியிருந்தால் சீக்கிரம் கரை கண்டிருக்கலாம். அவர்கள் தனியே போகவில்லை. அதற்காக ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. எதிரியை வீழ்த்தியதற்குத் தரும் பதக்கம் அன்று அது. உயிரைப் பணயம் வைத்து உயிர் காப்பவருக்குத் தருவது.

அன்பானவர்களே, திடலில் மற்றவர் பின்தங்கினால்தான் நமக்கு வெற்றி. கடலில் மற்றவரைக் கைவிட்டால் அதுவே தோல்வி. ஆண்டவர் நம்மை அழைத்திருப்பது எந்த ஓட்டத்துக்கு?

இங்கே வில்கமுவவில் கதிர் முற்றும் காலம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். வஸ்கமுவ காட்டிலிருந்து யானை இறங்குகிறது. பரணில் விழித்திருப்பவர் வெடி கொளுத்துகிறார், யானை திரும்புகிறது. எங்கே? பக்கத்து வயலுக்கு. நம் நெல் தப்பியது என்று நிம்மதியாகப் படுத்துவிடலாம். ஆனால் அடுத்த பரணில் அசந்து தூங்குகிறவரை யார் எழுப்புவது? அவர் கோவிலுக்கு வருகிறவரா, விகாரைக்குப் போகிறவரா என்று பார்த்தா எழுப்புவது? எரிகோ வழியில் அடிபட்டுக் கிடந்தவனிடம் சமாரியன் ஊர் பேர் கேட்கவில்லையே.

தம்பிமாரே, ஹெட்டிபொல வீதியில் வேகம் காட்ட உங்களுக்கும் ஆசை இருக்கும். பந்தயம் திடலோடு நிற்கட்டும். வழியில் ஒருவர் விழுந்து கிடந்தால் வண்டியை நிறுத்துங்கள். உங்கள் துணிச்சலை ஆண்டவர் அங்கேதான் எதிர்பார்க்கிறார்.

தண்ணீரில் அமிழ்ந்த பேதுருவைக் கைநீட்டிப் பிடித்த இயேசுவே, எங்கள் கைகளையும் அப்படியே நீளச் செய்யும். நாங்கள் மட்டும் தப்பினால் போதும் என்ற எண்ணத்திலிருந்து எங்களை மீட்டருளும். ஆமென்.