கருவியும் கையும்

மனிதன் கருவி செய்யும் விலங்கு என்பர். தான் செய்த கருவியைக் கண்டு சிரிக்கும் விலங்கும் அவனே என்பதைப் பலர் எடுத்துரைப்பதில்லை. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ, வெளிநாட்டு உறவினர் விடுமுறைக்கு வந்து சென்ற வீடொன்றின் குசினியை நோக்குவோர்க்கு இவ்வுண்மை எளிதிற் புலனாகும். ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பயணப்பெட்டியின் ஓரத்தில் ஒதுங்கி வந்த உள்ளி நசுக்கி, முட்டை வெட்டி, வாழைப்பழத்தைச் சம துண்டுகளாக்கும் அச்சு முதலியன அங்கே ஒரு மாலைப்பொழுதின் பரிசோதனைக்கு உள்ளாகின்றன. பரிசோதகர் பெரும்பாலும் சமையலிற் பயிற்சி இல்லாத இளைஞரே. நீண்டு வளைந்த பழத்துக்கென அமைந்த அச்சிலே நமது கதலி பாதியிடத்தையும் நிரப்பாது நழுவுகிறது. முட்டை வெட்டியோ அவித்த முட்டையை மிக ஒழுங்காக நறுக்குகிறது. ஆயின், அத்துணை மெல்லிய துண்டுகளை எந்தக் கறியில் இடுவது என்பதுதான் ஒருவருக்கும் விளங்குவதில்லை. உள்ளி நசுக்கியைக் கழுவி எடுக்கும் நேரத்தில் ஒரு முழுப் பூட்டையே அம்மியில் தட்டிவிடலாம் என்று ஆச்சி தீர்ப்பளிக்கிறார். எல்லோரும் சிரிக்கின்றனர். கருவி பரணுக்குச் செல்கிறது.

இச்சிரிப்பு நியாயமானதா? ஒரு கருவியைப் பயனற்றது என்று தள்ளுவதற்கு நாம் கொள்ளும் அளவுகோல் யாது? சிறிய வினாவாகத் தோன்றினும், இதனுள் உழைப்பு, தேவை, பிறர்துயர் ஆகியவை பற்றிய அறவினாக்கள் பொதிந்துள்ளன.

இவ்வகைச் சிரிப்பை ஒரு கலையாகவே வளர்த்தவர் ஜப்பானியரான கெஞ்சி கவகாமி. சூடான நூடில்ஸை ஆற்றுவதற்கு உண்ணும் குச்சியிலே சிறு மின்விசிறியைப் பொருத்துவது போன்ற விசித்திரப் படைப்புகளுக்கு அவர் 'சின்தோகு' எனப் பெயரிட்டார். அவை விற்பனைக்கு உரியன அல்ல என்பது அவர் வகுத்த விதிகளுள் ஒன்று. பொருளை முதலிற் செய்துவிட்டு, அதற்குரிய தேவையைப் பின்னர் நம் உள்ளத்திலே உண்டாக்கும் சந்தையை நோக்கிய ஏளனமே அது. இவ்வகையில் நோக்குமிடத்து, நம் இளைஞரின் சிரிப்பிலும் ஓர் அறிவு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

தேவை முன்னும் கருவி பின்னுமாக வந்த காலத்தை வன்னி நன்கறியும். 1990ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடை, 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தை ஒட்டித் தளர்த்தப்படும்வரை, எரிபொருளும் மின்கலங்களும் வடபகுதி மக்களுக்கு அரும்பொருள்களாயின. அந்நாள்களில் ஜாம் போத்தலுள் சிறிது மண்ணெண்ணெயும் திரியும் இட்டு விளக்கெரித்தனர். துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்னில் வானொலிச் செய்தி கேட்டனர். அக்கருவிகளைச் சோதித்தவர் எவரும் விளையாட்டாகச் சோதிக்கவில்லை. விளக்கு எரிந்தாற் பிள்ளை படிக்கும், எரியாவிடின் இருட்டு. அத்துணைத் தெளிவான அளவுகோல் அது.

இதிலிருந்து, பழையன யாவும் உண்மைத் தேவையிற் பிறந்தவை, புதியன யாவும் வீண் ஆடம்பரம் என்ற முடிவுக்குச் சிலர் விரைவர். அம்முடிவு பிழையானது. சீனத்துச் சுவாங் ட்சுவின் பெயரால் வழங்கும் நூலிலே ஒரு கதையுண்டு. முதியவர் ஒருவர் குடத்தில் நீர் மொண்டு தோட்டத்துக்கு இறைத்துக்கொண்டிருந்தார். வழிச்சென்ற அறிஞரொருவர், குறைந்த உழைப்பில் மிகுந்த நீரைத் தரும் பொறியொன்றைப் பற்றி எடுத்துரைத்தார். பொறியைக் கைக்கொண்டால் உள்ளமும் பொறியின் தன்மையை அடையும் என்று கூறி முதியவர் அதனை மறுத்துவிட்டார். அவர் அஞ்சி விலக்கிய அப்பொறி யாது? பின்புறம் கனத்து, முன்புறம் தாழ்ந்தெழும் மரப்பொறி. நம்மவர் துலா என்று வழங்குவதை ஒத்தது. இன்று பழமையின் அடையாளமாக நாம் படத்திற் கண்டு ஏங்கும் துலாவின் இனத்தையே அம்முதியவர் ஆபத்தான புதுமையாகக் கண்டார். அம்மியில் அரைபடும் மிளகாயும் போர்த்துக்கேயர் காலத்தை ஒட்டி இந்நாட்டுக்கு வந்ததே. இடியப்ப உரலும் என்றோ ஒருநாள் யாரோ ஒருவரின் புதுக்கருவியாக இருந்தே தீரவேண்டும். ஆகவே, வயது ஒரு கருவியின் அறத்துக்குச் சான்றாகாது.

அம்மியைப் புகழும் நம் வழக்கத்தையும் இங்கு ஆராய்தல் வேண்டும். அம்மிச் சம்பலின் சுவையை மேடைகளிற் பாராட்டுவோருள் அம்மியின் முன் குந்தியிருந்தவர் எத்தனை பேர்? சுவை ஒருவருக்கும் முதுகுவலி மற்றொருவருக்கும் ஆக அமையும் மரபைப் பண்பாடு என்ற சொல்லால் மூடிவிட இயலாது. ஆயினும், கருவி வந்ததும் விடுதலை வந்துவிட்டது எனக் கருதுவதும் பேதைமையே. வீட்டுக் கருவிகள் பெருகியபோதும் அமெரிக்கப் பெண்களின் வீட்டுவேலை நேரம் எதிர்பார்த்தவாறு குறையவில்லை என்பதை வரலாற்றாசிரியை ரூத் சுவாற்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். மிச்சமான நேரத்தைப் புதிய வேலைகள் விழுங்கின. கருவி மிச்சப்படுத்தும் ஒரு மணி நேரம் யாருக்கு உரியது என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை. வீட்டில் உள்ளோரே தீர்மானிக்கின்றனர். வடமாகாணத்தில் பெண்கள் நடத்தும் 'அம்மாச்சி' உணவகங்களிலே அதே அரைத்தலும் அவித்தலும் வருவாயாகின்றன. வீட்டில் விலையற்றதாகக் கருதப்பட்ட உழைப்புக்கு விலை உண்டென்பதை, பணம் கொடுத்து உண்ணும்போதாவது நாம் உணர்கிறோம்.

இனி, பரணுக்குச் சென்ற கருவிக்கே மீள்வோம். 1990ஆம் ஆண்டு அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்பவர் தடித்த மென்மையான பிடிகொண்ட சமையற் கருவிகளை அறிமுகப்படுத்தினார். மூட்டுவாதத்தால் வருந்திய அவர் மனைவி பெற்சி, தோல் சீவும் கருவியைப் பிடிக்க இயலாது இடர்ப்பட்டமையே அதற்குத் தூண்டுதலாயிற்று. வலியற்ற கைக்கு அப்பிடி வெறும் பருமனாகவே தோன்றும். அவ்வாறே, வெங்காயத்தைக் குத்தி நிறுத்துவதற்கு ஆணிகள் பதித்த வெட்டுப்பலகையும் இரு கையுள்ளவனுக்கு நகைப்புக்குரியது. இடக்கையாற் பிடித்து வலக்கையால் அரிவதற்கு அவனுக்குப் பலகையின் துணை எதற்கு?

ஆனால், நாம் வாழ்வது வன்னியில். 2009ஆம் ஆண்டு முடிவுற்ற போரிலே கையிழந்தோர் இம்மண்ணின் ஊர்களெங்கும் வாழ்கின்றனர். விரல்களுக்குள் இன்னும் உலோகச் சிதறலைச் சுமப்போரும் உளர். தனித்துக் குடும்பத்தைத் தாங்கும் பெண்ணொருத்தி ஒற்றைக் கையால் வெங்காயம் அரியவேண்டியிருப்பின், அந்த ஆணிப் பலகை அவளுக்கு வேடிக்கைப் பொருளன்று. பிறர் உதவியை எதிர்பாராது தன் பிள்ளைக்குத் தானே சமைக்கலாம் என்ற சுதந்திரம் அது. நாம் கருவியைச் சோதிக்கையில் நம் கையையே உலகின் பொதுக் கையாகக் கொண்டுவிடுகிறோம். நம் சிரிப்பின் குறை அங்கேதான் உள்ளது.

ஆகவே, சிரிப்பை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. கதலியோடு தோற்ற அச்சைக் கண்டு எவரும் சிரிக்கலாம். விற்பவன் உண்டாக்கிய பொய்த்தேவையைச் சிரித்தே கலைத்தல் நன்று. ஆயின், ஒரு கருவியைப் பரணில் ஏற்றுமுன் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்ளல் தகும்: இது யாருடைய உழைப்பைக் குறைக்கிறது? குறைந்த உழைப்பின் பயன் அவரையே சேர்கிறதா? எனக்கு உதவாத இது வேறெந்தக் கைக்கேனும் உதவுமா? மூன்றாம் வினாவுக்கு விடை நம் குசினிக்குள் கிடைப்பதில்லை. அயல்வீட்டுப் படலையைத் திறந்து சென்று கேட்டே அதனை அறிதல் வேண்டும்.