கை அறியாக் கல்வி

மத்ரஸாவில் உளூவின் சட்டங்களைப் பாடமாக நடத்துகிறோம். பர்ளுகள் இவை, சுன்னத்துகள் இவை என்று மாணவன் பிழையின்றி ஒப்பிக்கிறான். ஆயினும், அவனை ஹவுளின் ஓரத்தில் அமர்த்தி, முழங்கை நனைந்ததா, குதிகாலில் உலர்ந்த இடம் உண்டா என்று பார்த்த பிறகே பாடம் முடிந்ததாகக் கொள்கிறோம். ஹழ்ரத் உதுமான் (ரலி) அவர்கள் பெருமானார் (ஸல்) அவர்களின் உளூவை மக்களுக்குக் கற்பிக்க விரும்பியபோது, தண்ணீர் கொண்டுவரச் சொல்லித் தாமே செய்து காட்டினார்கள். நாவு கற்றதைக் கையும் கற்க வேண்டும் என்பதே நம் முன்னோர் வகுத்த முறை.

கட்டடக்கலைக் கல்விக்கும் இம்முறை வேண்டாமா? இக்கேள்வியை நம்முள் எழுப்பியது ஓர் உளூத் தளமேயாகும்.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் வீசிய கஜா புயல் கறம்பக்குடி வட்டாரத்தின் தென்னைகளைச் சாய்த்தது, கூரைகளைப் பிய்த்தெறிந்தது. பின்னர் எங்கும் கட்டுமான வேலைகள் நடந்தன. நாம் அறிந்த ஓரிடத்தில் உளூத் தளமும் புதிதாக அமைந்தது. வரைபடம் நகரத்திலிருந்து வந்தது, பார்வைக்கு அழகாயிருந்தது. தளத்துக்கு வழுவழுப்பான ஓடு பதிக்கும்போதே, “இது வழுக்கும், தண்ணீர் ஓட வாட்டமும் போதாது” என்றார் கொத்தனார். “படத்தில் உள்ளபடி செய்யுங்கள்” என்று மறுமொழி வந்தது. அப்போது நாமும் அருகில் நின்றோம். படித்தவர் சொல்லே பெரிதென்றெண்ணி வாய் மூடியிருந்தோம். சில மாதங்களுக்குப் பின், சுபுஹு நேரத்தில் பெரியவர் ஒருவர் அங்கே வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தார்.

வரைந்தவர் தீயவர் அல்லர், கல்லாதவரும் அல்லர். ஆனால், முழங்கால் மடங்காத முதியவர் ஒருவர் ஈரக் காலுடன் எழுந்து நடப்பதைப் பார்த்து வா என்று அவர் கற்ற கல்வி அவரை அனுப்பவில்லை. கொத்தனாரின் அருகில் ஒரு நாளேனும் நின்று வா என்றும் சொல்லவில்லை. பிழை தாளில் பிறந்தது. அதன் வலியைச் சுமந்தவரோ அத்தாளைக் கண்டதே இல்லை. கட்டடக் கல்வி ஓர் அமானிதம் என்று நாம் கூறுவது இதனாலேயாம்.

அப்படியானால் ஏட்டுக்கல்வி வேண்டாவோ எனச் சிலர் வினவலாம். வேண்டும். வழக்கப்படி ஆணியடித்த தகரங்கள் கஜாவின் முன் பறந்ததையும் நாம் கண்டோம். காற்றின் விசையைக் கணக்கிட ஏடு வேண்டும். கட்டடக்கலைஞர் கொத்தனாராக மாற வேண்டுவதில்லை; கொத்தனாரின் சொல்லை விளங்கிக்கொள்ளும் அளவுக்கேனும் அவர் கை மண்ணை அறிந்திருக்க வேண்டும்.

எகிப்து நாட்டின் ஹஸன் ஃபத்ஹீ (1900–1989) இதனை அனுபவத்தில் கண்டவர். ஏழைகளுக்கு மண் செங்கலால் வீடு கட்ட முனைந்தார். கூரைக்கு மரம் வாங்க வசதியில்லை. மரமின்றி எழுப்பிய வளைகூரைகளோ இடிந்து விழுந்தன. அஸ்வான் பகுதியில் நூபியக் கொத்தர்கள் தாங்கு மரமே இல்லாமல் வளைகூரை எழுப்புவதைக் கண்டார். பட்டம் பெற்ற அவர் அவர்களிடம் மாணவரானார். அக்கொத்தர்களைக் கொண்டே லக்ஸருக்கு எதிர்க்கரையில் 1940களில் புதிய குர்னா என்னும் ஊரை அமைக்கத் தொடங்கினார்.

எனினும், பண்டைய கல்லறைகளின்மேல் குடியிருந்த பழைய குர்னா மக்களில் பெரும்பாலோர் அங்கே வர மறுத்தனர். இடம் பெயரச் சம்மதமா என்று அரசு அவர்களைக் கேட்டு முடிவு செய்யவில்லை. வீடுகள் அழகாயிருந்தும் ஊர் நிறையவில்லை. கை கற்றால் மட்டும் போதாது, குடியிருப்போர் சொல்லைக் காதும் கேட்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

நம் தமிழகத்திலேயே ஆரோவில்லில், 1989இல் தொடங்கிய மண் கட்டுமான நிலையத்தில் கட்டடக்கலை மாணவரும் கொத்தனாரும் மண்ணைப் பிசைந்து, கல் அறுத்து, வளைவும் குவிமாடமும் கட்டிப் பழகுகின்றனர். அந்த நூபிய முறையும் அங்கே கற்பிக்கப்படுகிறது. இத்தகைய பயிற்சி ஒவ்வொரு கல்லூரியிலும் பாடத்தின் நடுவே இடம்பெற வேண்டும்.

மதீனாவில் பள்ளிவாசல் எழுந்தபோது பெருமானார் (ஸல்) அவர்கள் தாமே கல் சுமந்தார்கள். பனூ ஹனீஃபா கூட்டத்தவரான தல்க் (ரலி) மண் குழைப்பதில் வல்லவர் என்று கண்டு, அவ்வேலையை அவரிடமே ஒப்படைக்கச் சொன்னார்கள். கைத்திறன் உடையவரின் அறிவுக்கு அந்தச் சபையில் மதிப்பிருந்தது.

நம் பிள்ளைகள் பலர் இன்று இத்துறையில் பயில்கின்றனர். விடுமுறையில் அவர்களை ஒரு கொத்தனாரிடம் அனுப்புங்கள். வீடாயினும் பள்ளியாயினும், கோடு போடுமுன் அங்கே புழங்கப்போகும் பெண்களையும் முதியோரையும் கேட்டு வரச் சொல்லுங்கள்.

அந்த உளூத் தளத்தைப் பின்னர் உடைத்து, வாட்டம் திருத்தி, சொரசொரப்பான கல் பதித்தார்கள். செய்தவர் அதே கொத்தனார்தாம். அன்று பேசாமல் நின்றதற்காக அவரிடம் நாம் மன்னிப்புக் கோரினோம். “பரவாயில்லை அஜரத், அன்றைக்கு என்னை யாரும் கேட்கவில்லை” என்றார். அப்பெரியவரோ இன்று வீட்டிலேயே நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார்.