பால்சோற்றை மறுத்த சொல்



பொய், கோள், கடுஞ்சொல், பயனில்சொல் என்னும் நான்கையும் விலக்குதலே நல்வாய்மை எனப் பகவான் புத்தர் போதித்தார். ஆயினும், பிறர் மனம் இசையுமாறு நயம்படப் பேசுதலை அவர் விலக்கினாரில்லை. உவமை, வினா, கேட்போர் அறிந்த சொல் ஆகிய கருவிகளை அவரே கையாண்டார்.

மகத நாட்டில் ஏகநாலம் என்னும் ஊரில் பாரத்துவாசர் என்ற பிராமணர் ஐந்நூறு கலப்பைகள் பூட்டி உழுவித்துக்கொண்டிருந்தார். பிச்சைக்கு நின்ற பகவானை நோக்கி, தாம் உழுது விதைத்து உண்பதாகவும், அவரும் அவ்வாறே உண்ண வேண்டுமென்றும் கூறினார். பகவான் சினந்தாரில்லை, தாமும் உழவரே என்றார். நம்பிக்கையை விதைக்கும், அறிவைக் கலப்பைக்கும், முயற்சியை எருதுக்கும் ஒப்பிட்டு, அவ்வுழவின் விளைவு சாவா நிலை என விளக்கினார். உழவனுக்கு உழவின் மொழியிலேயே தம்மம் விளங்கியது. மனங்கசிந்த பாரத்துவாசர் பால்சோறு கொணர்ந்தார். உபதேசத்துக்குக் கூலியாக வரும் உணவு தமக்கு ஆகாதெனப் பகவான் மறுத்துவிட்டார்.

இங்கேதான் நாம் கருத்தூன்ற வேண்டும். சந்தையில் மருந்து விற்பவனும் உவமை சொல்கிறான். தேர்தல் மேடையில் நிற்பவரும் வினாத் தொடுக்கிறார். கருவி ஒன்றே. பேச்சின் ஆதாயம் சொல்பவனுக்கா, கேட்பவனுக்கா என்பதில்தான் வேறுபாடு.

1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் தந்த 22 உறுதிமொழிகளை நினைவுகூர்வோம். அவை தன்மை ஒருமையில் அமைந்தவை. கேட்டுத் தலையசைத்துப் போகாமல், ஒவ்வொருவரும் தம் வாயாலேயே சொல்லித் தாமே பொறுப்பேற்கும் வாசகங்கள் அவை.

நம் பிரசாரகர் சிலரோ, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் தாயைக் கூட்டத்தில் வைத்து மூடத்தி என்று நகைக்கின்றனர். கைதட்டல் கிடைக்கிறது, அத்தாய் மறு பௌர்ணமிக்கு விகாரைக்கு வருவதில்லை. கைதட்டலும் ஒரு பால்சோறே! அதனை நாம் உண்ணலாகாது.

அவளிடம் அமைதியாக வினவுவோம்: "அம்மா, உங்கள் பாட்டி அஞ்சிய பெரியம்மை 1975க்குப் பின் இந்நாட்டில் தலைகாட்டவில்லையே, எதனால்?" அம்மை குத்தியதால் என்று அவளே விடை சொல்லட்டும். பிறர் திணித்த முடிவு வாசலோடு நின்றுவிடும்; தானே கண்ட முடிவு வீட்டுக்குள் குடியேறும்.

வாய் திறக்குமுன், அபயராசகுமாரனுக்குப் பகவான் காட்டிய அளவுகோலை எடுப்போம். இச்சொல் உண்மையா? கேட்பவர்க்கு நன்மையா? சொல்லத்தக்க வேளையா? மூன்றுக்கும் ஆம் என்றால் பேசுவோம். அன்றேல் மௌனமே நல்வாய்மை.

நமோ புத்தாய.