ருசிக்குக் கிடைத்த சொற்கள்

வெளிநாட்டில் இருக்கும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் வந்திருந்தபோது, சின்ன காஞ்சிபுரத்தில் என் வீட்டில் ஒரு ஒயின் புட்டியை வைத்துவிட்டுப் போனார். ஸ்பெயினின் வடக்கே, எப்ரோ நதிப் பள்ளத்தாக்கிலுள்ள ரியோஹாவின் சிவப்பு ஒயின். நான் குடிப்பவனல்ல. புட்டியைத் திறக்காமல் அதன் சீட்டை மட்டும் படித்தேன். அப்போதிருந்து ஒரு கேள்வி தொந்தரவு செய்கிறது: ரசனை ஒழுக்கத்தைச் சேர்ந்த விஷயமா, வசதியைச் சேர்ந்த விஷயமா?

சீட்டு ஊரைச் சொல்கிறது, திராட்சை விளைந்த ஆண்டைச் சொல்கிறது, ‘ரிஸர்வா’ என்று தரத்தைச் சொல்கிறது. மூன்றாண்டுகளாவது முதிர்ந்தது, அதில் ஓராண்டாவது ஓக் பீப்பாயில் கிடந்தது என்பது அதன் அர்த்தம். முக்கியமான திராட்சை டெம்ப்ரனில்லோ. சீக்கிரம் பழுப்பதால் வந்த பெயர். கர்னாச்சா, கிராசியானோ, மசுவேலோ துணைக்குச் சேர்பவை. வெட்டிப்போட்ட திராட்சைக் கொடிகளையே எரித்து, அந்தத் தணலில் சுட்ட ஆட்டுக்கறியோடு அங்கே இதைக் குடிக்கிறார்கள். நம் கோவில் இட்லியோடு குடித்தால் என்ன என்று கேட்டேன். மிளகின் காரம் பட்டால் இதன் துவர்ப்பு முரட்டுத்தனமாகிவிடும் என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் பக்தி தெரிந்தது. அதை நான் கேலி செய்யவில்லை. ஒரு பொருளை இவ்வளவு கவனித்து அறிவது மதிக்கத்தக்க காரியந்தான்.

என் அப்பா நெசவாளி. பகல் முழுவதும் தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டிருந்துவிட்டு அந்தியில் சாராயம் குடித்தார். 1971இல் மதுவிலக்கு தளர்ந்தபோது வெளிப்படையாகவும், 1974இல் அது திரும்பியபோது மறைவாகவும். அவர் குடித்ததற்கு ஊரில்லை, ஆண்டில்லை. எதோடு சேர்த்துக் குடிப்பது என்ற சாத்திரமில்லை, ஊறுகாய் போதும். நண்பருக்கு ரசிகர் என்று பெயர். அப்பாவுக்குக் கிடைத்தது குடிகாரன் என்ற ஒரே சொல். சாராயத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அம்மாவின் நகைகள் அதில்தான் போயின. ஆனால் நண்பர் இரண்டாவது கோப்பையோடு நிறுத்திக்கொள்வதை அவருடைய ரசனையின் பெருமையாக நான் எடுத்துக்கொள்ளலாமா?

ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் இந்த ஊரையே களமாக வைத்து ‘மத்தவிலாசப் பிரகசனம்’ எழுதினான். அதில் காபாலிகன் சத்தியசோமனுக்கு மதுக்கடை வேள்விச்சாலையாகத் தெரிகிறது. மது சோமரசம், குடிப்பவர்கள் வேள்வி செய்பவர்கள். சொற்கள் கைவசம் இருந்தால் குடியும் வேள்வியாகிவிடும். சொந்த ஆசைக்குச் சாத்திரத்தைப் போர்த்துகிறவனைப் பார்த்து அரசன் சிரிக்கிறான். நியாயமான சிரிப்புத்தான். ஆனால் போர்த்திக்கொள்ள எதுவும் இல்லாமல் குடிக்கிற நெசவாளி அந்த நாடகத்தில் இல்லை.

அப்பா நெய்தது போன்ற சேலைக்கும் இன்று சீட்டு உண்டு. காஞ்சிபுரம் பட்டு 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து. ரியோஹாவில் ஊர் என்றால் மண்ணும்தான். இங்கே ஊர் என்பது கை மட்டுமே. உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து இணைக்கிற கோர்வை, அந்தக் கையின் வேலை. அந்தக் கைக்குரியவரின் பெயரைச் சேலையின் சீட்டும் சொல்வதில்லை. திராட்சையைப் பறித்தவர் பெயரைப் புட்டியின் சீட்டும் சொல்வதில்லை. ரசிகனின் கவனம் பொருளை எட்டியதும் நின்றுவிடுகிறது. நின்றுவிடுகிற கவனத்தை ஒழுக்கம் என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். விரலால் ஒருமுறை தடவியே கோர்வையில் இழை பிசகிய இடத்தை அப்பா கண்டுபிடித்துவிடுவார். இரண்டு நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்குமா நிற்காதா என்பதில் அவர் தீர்ப்புக்கு மறுப்பில்லை. என் நண்பரைவிடக் குறைந்த ரசிகரல்ல அவர். அந்த ரசனை அவருடைய குடியைத் தடுக்கவில்லை. ஆகவே ரசனை மனிதனைச் செம்மைப்படுத்தும் என்ற வாதத்தை என் வீட்டிலேயே நான் நம்ப முடியாது.

அவரை ரசிகர் என்று யாரும் அழைத்ததில்லை. எழுத்து, ரசனை என்றெல்லாம் பேசிக்கொண்டு திரிந்த நானும் மற்றச் சொல்லைத்தான் சொன்னேன், அவர் காதுபடவே.